இறக்கிவிட முடியாத மிம்பர்

2019 ஏப்ரல் 23 அன்று ஐ.எஸ். அமைப்பின் செய்திப் பிரிவு ஒரு வீடியோவை வெளியிட்டது. கறுப்புக் கொடியின் முன் எட்டுப் பேர் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள். ஏழு பேரின் முகம் துணியால் மூடியிருக்கிறது. நடுவில் நிற்பவர் மட்டும் முகத்தைத் திறந்துவைத்திருக்கிறார். அவர் ஸஹ்ரான் ஹாசிம். இரண்டு நாட்களுக்கு முன்பு, ஈஸ்டர் ஞாயிறு காலையில், கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அந்த ஹோட்டல்களில் ஒன்றில் ஸஹ்ரானும் தன்னை வெடிக்கச் செய்துகொண்டார்.

அந்த முகத்தை மூடியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. முகநூலிலும் யூடியூபிலும் தமிழில் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்டுவந்த பலருக்கு அது பழகிய முகம்.

இந்தத் தாக்குதலில் உளவுத்துறை கோட்டைவிட்ட கதை போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. இந்தியா ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரித்தது. எச்சரிக்கை மேசைக்கு மேசை நகர்ந்தது, எவரும் அசையவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் கையிலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது அரசின் கணக்கு. சமுதாயத்தின் கணக்கு ஒன்று தனியாக இருக்கிறது, அதை இன்னும் சரியாக யாரும் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். ஏனென்றால் அதில் சமுதாயம் செய்யத் தவறியதைவிட, செய்தும் பலிக்காமல் போனதுதான் அதிகம்.

காத்தான்குடி, மட்டக்களப்புக்குத் தெற்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவே, சில சதுர கிலோமீட்டரில் நெருக்கியடித்து வாழும் முஸ்லிம் ஊர். தெருவுக்குத் தெரு பள்ளிவாசல். 1990 ஆகஸ்ட் 3 இரவு, தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்ற இரண்டு பள்ளிவாசல்களும் இங்கேதான் உள்ளன. ஸஹ்ரான் இந்த ஊரில் 1980களின் நடுவில் பிறந்தவர். தாக்குதலுக்குப் பிறகு ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் ஊருக்குள் போய் ஆலிம்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் கேட்டு எழுதினார்கள். அதிலிருந்து கிடைக்கும் வரலாறு இது.

பன்னிரண்டு வயதில் ஜாமிஅத்துல் ஃபலாஹ் அரபுக் கல்லூரியில் சேர்ந்தார். மூன்றாண்டில் குர்ஆனை மனனம் செய்தார். ஷரீஅத் பாடம் தொடங்கியதும் உஸ்தாதுமார்களோடு தகராறு. அவர்கள் சொல்லித்தரும் மார்க்கம் தளர்ந்துபோனது என்பது அவர் கட்சி. 2005இல் கல்லூரி அவரை வெளியே அனுப்பியது. மௌலவி பட்டம் வாங்கவில்லை. 2006இல் தாருல் அதர் பள்ளிவாசலில் சேர்ந்து நிர்வாகக் குழுவிலும் இடம்பிடித்தார். பெரியவர்களைக் கலக்காமல் இஷ்டத்துக்குப் பேசுகிறார் என்று 2009இல் குழு அவருக்கு மூன்று மாதம் பயான் தடை போட்டது. கோபித்துக்கொண்டு வெளியேறினார். 2012இல் சொந்தமாக ஒரு பள்ளிவாசல், தேசிய தவ்ஹீத் ஜமாஅத் என்ற பெயரில் ஓர் அமைப்பு. 2017 மார்ச் 10 அன்று அலியார் சந்தியில் ஸூஃபி தரப்பாரோடு மோதல், வாள்வெட்டு. போலீஸ் தேடியது, தலைமறைவானார். அவர் தொடங்கிய அமைப்பே பிறகு அவரை விலக்கியது. ஸூஃபி தரப்பினர் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். இலங்கை முஸ்லிம் கவுன்சிலின் துணைத் தலைவர் ஹில்மி அஹமத், தாக்குதலுக்கு மூன்றாண்டு முன்பே இவரைப் பற்றி ராணுவ உளவுத்துறைக்குச் சொன்னதாகத் தெரிவித்தார்.

மதரஸா வெளியேற்றியது. பள்ளிவாசல் வாயை அடைத்தது. ஊர் புகார் கொடுத்தது. சொந்த இயக்கமே கைவிட்டது. ஒரு சமுதாயம் தன்னிடமுள்ள கருவிகளைக் கொண்டு இதற்குமேல் என்ன செய்துவிட முடியும்? இருந்தும், மிம்பரிலிருந்து (பள்ளிவாசல் சொற்பொழிவு மேடையிலிருந்து) இறக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அவர் குரல் எட்டும் தூரம் கூடிக்கொண்டே போனது. தலைமறைவாக இருந்த காலத்தில்தான் மிகக் கொடிய பேச்சுகள் வெளிவந்தன. முன்னால் ஆள் இல்லை, கேமரா மட்டும். தாக்குதல் நடந்து சில நாட்கள் கழித்தும் அந்த வீடியோக்களில் சில இணையத்தில் கிடந்ததைச் செய்தியாளர்கள் கண்டெடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறும் ஒரு கதீப் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று எண்ணிப் பாருங்கள். சம்பளம் கொடுக்கும் முத்தவல்லிக்கும் நிர்வாக சபைக்கும். முதல் ஸஃப்பில் உட்கார்ந்திருக்கும், தன்னைவிட அதிகம் ஓதிய ஒரு முதிய ஹஸ்ரத்துக்கு. தொழுகை முடிந்ததும் வாசலில் மடக்கி, "அந்த ஹதீஸ் எந்தக் கிதாபில் இருக்கு?" என்று கேட்கும் ஊர்க்காரருக்கு. ஸனது (பட்டச் சான்று) கொடுத்த மதரஸாவுக்கு. அந்த மதரஸாவின் ஆசிரியர் தன் ஆசிரியரிடமும், அவர் அவருடைய ஆசிரியரிடமும் பாடம் கேட்டவர்கள். யாரிடம் ஓதினாய் என்ற கேள்விதான் இஸ்லாமியக் கல்வியின் பழைய காவல். மறுநாள் காலையில் அதே ஊர்க் கடைத்தெருவில் அந்த கதீப் காய்கறி வாங்கியாக வேண்டும் என்பதும் சிறிய காவல் அல்ல. இன்று தெருவில் ஒருவரை முஷ்ரிக் என்று திட்டினால், நாளை அவர் வீட்டு ஜனாஸாவுக்குத் தொழவைக்கப் போய் நிற்க வேண்டும்.

வீடியோவில் இவை எதுவும் இல்லை. கேமராவின் முன் உட்கார ஸனது தேவையில்லை. கேட்பவர் வேறு நாட்டில் இருப்பார், எதிர்க்கேள்வி கேட்டால் கேட்டவரின் கமெண்டை நீக்கிவிடலாம். நிர்வாக சபை கூடித் தடை போட்டால் அதையே தலைப்பாக வைத்து அடுத்த வீடியோ: "உண்மையைச் சொன்னதால் விரட்டப்பட்டேன்." வெளியேற்றம் அங்கே தண்டனையாக இருப்பதில்லை, தகுதிச் சான்றாகிவிடுகிறது.

பழைய ஏற்பாட்டில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. காத்தான்குடியிலேயே 2004இலும் 2006இலும் ஸூஃபி குழு ஒன்றின் மீது பெரும் வன்முறை நடந்தது. அதன் வேர், அந்தக் குழுவின் தலைவர் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர் என்று அதற்கு முன்பே ஆலிம்கள் கொடுத்த பத்வாவில் இருந்தது. யூடியூப் பிறந்ததே 2005இல். ஆகவே பிறரைக் காஃபிர் ஆக்கும் பழக்கத்தை இணையம் கண்டுபிடிக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் வாயை அடைத்தவர்களில் நல்லவர்களும் உண்டு. வரதட்சணைக்கு எதிராகப் பேசியதற்காக மேடை மறுக்கப்பட்டவர்களைத் தமிழ்நாட்டு ஜமாஅத்துகளுக்குத் தெரியும். பெண்களுக்குத் தொழ இடமே இல்லாத பள்ளிவாசல்கள் இன்றும் ஏராளம். அந்த வீட்டுப் பெண்கள் ஒரு முழு தஃப்சீர் வகுப்பை முதன்முதலாகக் கேட்டது கைபேசியில்தான். நடமாட முடியாத முதியவர், கப்பலில் வேலை செய்பவர், புதிதாக இஸ்லாத்துக்கு வந்து கூச்சத்தோடு நிற்பவர் ஆகியோருக்கும் அதுதான் வாசல். இதையெல்லாம் மறுத்துவிட்டு எச்சரிக்கை எழுதினால் அது வெறும் முணுமுணுப்பு.

ஒலிநாடா வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள் என்று ஒருவர் சொல்லக்கூடும். உண்மைதான். 1978இல் பாரிஸுக்கு அருகிலிருந்து கொமெய்னி பேசிய பேச்சு கேசட்டாக ஈரான் முழுக்கப் போனது. கெய்ரோவில் ஷேக் கிஷ்க்கின் பயான் கேசட்டுகள் டாக்சிகளில் ஓடின. நம்மிடமும் தொண்ணூறுகளில் கேசட், பிறகு விவாதங்களைப் பதிந்த வி.சி.டி., நோன்பு மாதத்தில் ஸஹர் நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள். ஆனால் கேசட் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போகும். கொடுத்தவர் யார் என்று வாங்கியவருக்குத் தெரியும், பெரும்பாலும் ஊருக்கும் தெரியும். ஒரு கேசட் முடிந்தால் டக்கென்று நின்றுவிடும், அடுத்ததைத் தானாகப் போட்டுக்கொள்ளாது.

யூடியூப் 2012இல் தன் வரிசைப்படுத்தும் முறையை மாற்றியது. அதுவரை எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பது முக்கியம். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது முக்கியமாயிற்று. 2018 ஜனவரியில் அதன் தலைமைத் தயாரிப்பு அதிகாரியாக இருந்த நீல் மோகன் ஒரு தகவல் சொன்னார்: அங்கே பார்க்கப்படும் நேரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல், இயந்திரம் பரிந்துரைப்பதால் வருகிறது. அதாவது கேட்பவர் தேடிப் போவது சிறு பங்குதான். அதே ஜனவரியில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்ற விதி வந்தது. சிறிய சேனல் நடத்தும் ஒரு மௌலவியின் கண்ணில் இது எப்படிப் படும்? உளூவின் பர்ளுகளைப் பற்றிய வகுப்பை நானூறு பேர் பார்ப்பார்கள். இன்னொரு ஆலிமின் பெயரைத் தலைப்பில் போட்டு, பக்கத்தில் தீப்பிழம்பும் கேள்விக்குறியும் வைத்தால் நாற்பதாயிரம் பேர். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. மாதம் பிறந்தால் வாடகை கட்ட வேண்டியவராக இருந்தால் போதும். இமாம்களுக்கு நம் ஜமாஅத்துகள் கொடுக்கும் சம்பளத்தை நினைத்தால், இந்தச் சபலத்தைக் குறை சொல்லும் தகுதி எத்தனை நிர்வாகிகளுக்கு இருக்கிறது என்று தெரியவில்லை.

பரிந்துரை இயந்திரம் அப்பாவியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தீவிரவாதி ஆக்கிவிடுகிறது என்ற பேச்சு உண்டு. அதை அப்படியே ஏற்க வேண்டாம். அமெரிக்க அரசியல் சேனல்களை வைத்து 2023இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தீவிரச் சேனல்களைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மனத்தில் வன்மம் கொண்டிருந்தவர்கள். சந்தா போட்டும் வெளியிணைப்புகள் வழியாகவும் தாங்களே போய்ச் சேர்ந்தவர்கள். முஸ்லிம் சமுதாயத்துக்கு இது ஆறுதல் தரும் செய்தி அல்ல. காயம்பட்ட இளைஞர்கள் இங்கே குறைவாகவா இருக்கிறார்கள்?

காயத்துக்கும் வீடியோவுக்கும் நடுவில் நம்பிக்கை என்ற ஒன்று வேலை செய்கிறது. அதைப் புரிந்துகொள்ள அன்வர் அல்-அவ்லகியைப் பார்க்க வேண்டும். யேமனியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்தில் செய்தவை நபிமார்களின் வரலாறு, மறுமை, ஸஹாபாக்கள் பற்றிய நிதானமான உரைகள். குறுந்தகடுப் பெட்டிகளாக மேற்கத்திய முஸ்லிம் வீடுகளில் இருந்தன, பிள்ளைகளுக்குப் பெற்றோரே வாங்கிக் கொடுத்தார்கள். பின்னால் அவர் அல்-காயிதாவின் குரலானபோது, கேட்பவர்கள் புதிய ஒருவரைக் கேட்கவில்லை. சிறுவயதில் மூஸா நபியின் கதையைச் சொன்ன அதே மாமாவைத்தான் கேட்டார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் நன்றாகப் படித்தவரான ரோஷனாரா சவுத்ரி, 2010 மே 14 அன்று நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டீபன் டிம்ஸை அவர் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்தில் கத்தியால் குத்தினார். அவருக்கு வயது 21. டிம்ஸ் பிழைத்தார். எந்த இயக்கத்திலும் அந்தப் பெண் இல்லை, யாரும் அவரை அனுப்பவில்லை. அவ்லகியின் உரைகளை இணையத்தில் நூறு மணி நேரத்துக்கும் மேலாகக் கேட்டிருந்தார். தனியாக, தன் அறையில். வீட்டாருக்கு எதுவும் தெரியாது.

2011 செப்டம்பரில் அமெரிக்க ட்ரோன் தாக்குதலில் அவ்லகி இறந்தார். அவருடைய உரைகளை யூடியூப் மொத்தமாக நீக்கத் தொடங்கியது 2017இல். அதற்கு முன் வன்முறைக்கு அழைக்கும் வீடியோக்களை மட்டும் எடுத்தார்கள். மற்றவற்றில் தவறில்லையே என்று விட்டுவைத்தார்கள். வாசல் அதுதான் என்று உறைக்க ஆறு ஆண்டு பிடித்தது. அந்த நேரத்தில் நியூயார்க் டைம்ஸ் எண்ணிப் பார்த்தபோது, அவர் பெயரைத் தேடினால் 70,000க்கும் மேல் வந்த வீடியோக்கள் சுமார் 18,600ஆகக் குறைந்திருந்தன. ஆங்கிலத்திலேயே இந்தக் கதி. ஓரளவு வரம்பு மீறும் வீடியோக்களைப் பரிந்துரைப்பதைக் குறைக்கப்போகிறோம் என்று யூடியூப் 2019 ஜனவரியில் அறிவித்தபோதும் முதலில் தொடங்கியது அமெரிக்காவில்தான்.

குண்டைப் பற்றி மட்டும் பேசினால் இந்த எச்சரிக்கை பாதியிலேயே நின்றுவிடும். ஸஹ்ரானும் அவ்லகியும் கோடியில் ஒருவர். அன்றாடம் நடப்பது வேறு, அதில் ரத்தம் சிந்துவதில்லை என்பதால் செய்தியாவதும் இல்லை.

மார்க்கத் தீர்ப்பு கேட்பது என்ற பழைய நடைமுறையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் முஃப்தியிடம் போய், "மனைவியிடம் கோபத்தில் தலாக் சொல்லிவிட்டேன்" என்கிறார். முஃப்தி பதில் சொல்வதற்கு முன் கேட்கும் கேள்விகள்தான் அந்தக் கலையின் பாதி. என்ன வார்த்தை சொன்னீர்கள், எத்தனை முறை, எந்த நிலையில், இதற்கு முன் நடந்ததுண்டா, எந்த மத்ஹபை (சட்ட மரபை) பின்பற்றுகிறீர்கள். காலம், இடம், நிலைமை, நோக்கம், வழக்கம் மாறும்போது பத்வாவும் மாறும் என்று பதினான்காம் நூற்றாண்டின் இப்னுல் கய்யிம் தனி அத்தியாயமே எழுதினார். 2005 ஜூலையில் ஜோர்தானின் அம்மான் நகரில், ஐம்பது நாடுகளின் ஆலிம்கள் சுமார் இருநூறு பேர் கூடி மூன்று விஷயங்களில் ஒன்றுபட்டார்கள். எட்டு மத்ஹபுகளையும் அங்கீகரிப்பது, ஒரு முஸ்லிமைக் காஃபிர் என்று சொல்வதைத் தடுப்பது, தகுதியற்றவர் பத்வா கொடுக்கக் கூடாது என்பது. யூடியூபின் ஷார்ட்ஸ் என்ற குறுவீடியோவுக்கு இவை எதுவும் தெரியாது. அறுபது விநாடியில் பதில் வந்துவிடும். கேள்வி கேட்ட கோழிக்கோட்டுக்காரரின் வீட்டு நிலவரத்துக்குச் சொன்ன பதிலை, கேட்கவே செய்யாத ஆயிரம் வீடுகள் தங்களுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்கின்றன.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் பெரும்பான்மை ஷாஃபி. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஹனஃபி. மனைவியின் கை பட்டால் உளூ முறியும் என்பது ஒரு மத்ஹப், முறியாது என்பது இன்னொன்று. இரண்டும் ஆயிரமாண்டு வாதப் பிரதிவாதத்தில் நின்றவை. இரு தரப்பாரும் ஒருவர் பின்னால் ஒருவர் தொழுது சம்பந்தமும் செய்துகொண்டவர்கள். ரியாத்திலோ துபாயிலோ எட்டுப் பேர் தங்கும் அறையில், இரவு வேலை முடிந்து படுத்தபடி ஒரு பையன் கிளிப் பார்க்கிறான். உன் வாப்பா தொழுத தொழுகை செல்லாது என்று அதில் ஒருவர் சொல்கிறார். மத்ஹப் என்ற சொல்லே அந்த வீடியோவில் வராது. ஆதாரம் என்று ஒரு ஹதீஸ் எண் மட்டும் திரையில் ஓடும். விடுமுறைக்கு வரும் மகன் தகப்பனாருக்குப் பின்னால் நின்று தொழ மறுக்கிறான். பாட்டி ஓதும் மவ்லிதைப் பார்த்து முகம் சுளிக்கிறான், தங்கையின் நிகாஹ் மஜ்லிஸில் சண்டை போடுகிறான். யாரும் சாகவில்லை. ஆனால் இந்த வீட்டில் இனி பெருநாள் இரண்டு.

மத்ஹபுகளை ஏற்காத தவ்ஹீத் தரப்பின் வாதங்களில் நியாயமே இல்லை என்பதல்ல இதன் பொருள். அந்த வாதம் முன்பு ஊருக்குள் நடந்தது. தோற்றவரும் வென்றவரும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். இப்போது வாதம் செய்பவர் ஊரில் இல்லை, விளைவு மட்டும் ஊரில் இருக்கிறது. ஜமாஅத் என்பது நிகாஹ் பதிவேடு, பைத்துல்மால், ஜகாத் பங்கீடு, சொத்துத் தகராறுக்குப் பஞ்சாயத்து, நள்ளிரவில் ஒருவர் மவுத்தானால் கஃபன் துணியோடு வந்து நிற்கும் நான்கு பேர். இவற்றை நடத்துபவர்களின் சொல்லுக்கு மதிப்பு குறைந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் அவர்கள் எச்சரித்தாலும் கேட்க ஆள் இருக்காது. சேனலுக்கு ஐந்து லட்சம் சந்தாதாரர் இருக்கலாம். மய்யித்தைக் குளிப்பாட்ட அவர்களில் ஒருவரும் வர முடியாது.

இதே இயந்திரம் முஸ்லிம்களை நோக்கித் திரும்பும்போது என்ன ஆகிறது என்பதற்கும் இலங்கையே சாட்சி. 2018 பிப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் மடக்கியது. சிங்களம் சரியாகப் புரியாத ஊழியர், பயத்தில் ஆமாம் என்பதுபோல் எதையோ சொன்னதை வீடியோவாக எடுத்துப் பரப்பினார்கள். அப்படி ஒரு மாத்திரையே உலகில் இல்லை. சில நாட்களில் திகனவில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. சிங்கள வெறுப்புப் பதிவுகளைப் பற்றி உள்ளூர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டும் அசையாத முகநூல் நிறுவனம், தன் தளம் அந்த வன்முறையில் வகித்த பங்குக்காக 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. ஸஹ்ரானின் தமிழ் வீடியோ தப்பியதற்கும் சிங்கள வெறுப்பு வீடியோ தப்பியதற்கும் காரணம் ஒன்றே: சின்ன மொழிகளைக் கவனிக்க ஆள் வைப்பது அந்த நிறுவனங்களுக்குச் செலவு. 2019 மே 12 அன்று சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் எழுதிய ஒற்றை வரியைத் தவறாகப் புரிந்துகொண்டதில் தொடங்கியது, மறுநாள் வடமேல் மாகாணம் முழுக்கக் கலவரமாகி ஒருவர் உயிரையும் வாங்கியது.

அரசாங்கத்தின் பதில் என்ன? ஈஸ்டர் தாக்குதல் அன்றே முகநூல், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் முடக்கினார்கள். தெரிந்தவர்கள் வி.பி.என். போட்டுக்கொண்டார்கள். தெரியாதவர்கள் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய முடியாமல் தவித்தார்கள். முகம் மூடத் தடை, அமைப்புகளுக்குத் தடை. 2021 ஏப்ரலில் மட்டும் 11 அமைப்புகள் தடை செய்யப்பட்டன, வன்முறைக்கு எதிராக வெளிப்படையாகப் பேசிவந்த சிலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. வரம்பின்றி வலை வீசும்போது, வீடியோவுக்கு வேண்டிய கச்சாப்பொருளான காயம் புதிதாக உற்பத்தியாகிறது.

இறந்தவரின் வீடியோவோ தொடர்ந்து வேலை செய்கிறது. 2019 ஜூனில் கோவையில் சோதனை நடத்திய தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.), அங்கே கைதான ஒருவர் ஸஹ்ரானின் முகநூல் நண்பர் என்று சொன்னது. அந்த விசாரணை வட்டத்தில் அப்போது கேள்வி கேட்டு அனுப்பப்பட்ட இளைஞர் ஒருவர்தான், 2022 அக்டோபர் 23 அதிகாலையில் உக்கடம் கோட்டை சங்கமேஸ்வரர் கோயில் அருகே கார் வெடித்து இறந்தவர். பாக் நீரிணை தமிழ் வீடியோவுக்கு எல்லை ஆகாது. காத்தான்குடியில் தடை போட்ட நிர்வாக சபையின் தீர்மானம் உக்கடத்துக்கு வந்து சேரவில்லை, வீடியோ வந்து சேர்ந்திருக்கலாம்.

எந்தத் தளமும் தமிழ் பயான்களைக் கேட்டுத் தரம் பிரிக்கப் போதுமான ஆலிம்களை வேலைக்கு வைக்கப்போவதில்லை. வைத்தாலும் அது நல்லதா என்பது வேறு வழக்கு. செய்யக்கூடியது சிறியது, ஆனால் கையெட்டும் தூரத்தில் இருப்பது. யார் யாருடைய பயானைக் கேட்கிறார்கள் என்று மகல்லாவுக்குள் ஓர் இமாம் தெரிந்துவைத்திருக்கலாம், கடிந்துகொள்வதற்காக அல்ல, பேச்சு கொடுப்பதற்காக. மேடை மறுக்கப்பட்டவர் எங்கே போய்ப் பேசுகிறார் என்று ஒருவர் கவனிக்கலாம். ஒரு மதரஸா யாரையாவது வெளியேற்றினால், ஒரு பள்ளிவாசல் தடை போட்டால், காரணத்தை எழுத்தில், அவர் பேசும் அதே தளத்தில், அதே தமிழில் போடலாம். காத்தான்குடி பெரியவர்களிடம் சொல்ல நிறைய இருந்தது. அவர்கள் சொன்னதெல்லாம் போலீஸ் கோப்புக்குள் போயிற்று, ஸஹ்ரானைக் கைபேசியில் கேட்டவர்களின் கண்ணில் படவில்லை.

தாக்குதலுக்கு ஐந்து நாட்கள் கழித்து, ஏப்ரல் 26 அன்று, ஸஹ்ரானின் குடும்பம் பதுங்கியிருந்த வீடு அம்பாறை மாவட்டத்துச் சாய்ந்தமருதில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தது அக்கம்பக்கத்து முஸ்லிம்கள். புதிதாக வாடகைக்கு வந்தவர்களின் நடமாட்டம் சரியில்லை என்று பட்டதும் விசாரித்தார்கள், மிரட்டப்பட்டதும் போலீசுக்குச் சொன்னார்கள். படையினர் நெருங்கியபோது உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். இறந்த 15 பேரில் ஆறு பேர் குழந்தைகள். தாக்குதல்தாரிகளின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அதற்குள் அறிவித்திருந்தது.